நோன்பு காலத்தில் பால்கோவாவோடு போனவள்

பரிபூரணத்துக்கு நாற்பத்தெட்டு வயது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வேலை ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில். பத்தொன்பது வயதில் துணி சுருட்டிக் கட்டும் பேக்கிங் பகுதியில் சேர்ந்தவள், இப்போது அந்தக் கம்பெனியிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு பெட்டிக்கும் பொறுப்பு. அவள் பார்த்துத் தலையசைக்காமல் ஒரு பெட்டிக்கும் டேப் ஒட்ட மாட்டார்கள்.

துணியில் இழை எண்ணுவதற்கென்று மடக்குக் கண்ணாடி ஒன்று உண்டு. துணிமேல் வைத்துக் குனிந்து பார்த்தால் ஓர் அங்குலத்துக்குள் நீளவாக்கில் ஓடும் பாவில் எத்தனை இழை, குறுக்கே ஓடும் ஊடையில் எத்தனை இழை என்று எண்ணிவிடலாம். பரிபூரணத்திடமும் ஒன்று இருந்தது. மற்றவர்கள் நம்பவேண்டும் என்பதற்காகத்தான் அதை எடுப்பாள். அவளுக்குக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் போதும். துணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து ஒரு தரம் உருட்டி, "பாவுல பத்தொம்பது, ஊடையில பதிமூணு. ரெண்டு இழை திருடிருக்கான்" என்பாள். தறிக்காரர் கண்ணாடி வைத்து எண்ணினாலும் அதே கணக்குத்தான் வரும். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் சேலைத் தலைப்பு கையில் பட்டால்கூட அவள் விரல் தானாக எண்ண ஆரம்பித்துவிடும். ஒருமுறை ஓர் அம்மா திரும்பி முறைத்துவிட்டார்.

கம்பெனி முதலாளி கௌதம்ராஜ். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து. அப்பாவிடமிருந்து கம்பெனியை வாங்கிக்கொண்டதிலிருந்து வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பவேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்து ஆட்டியது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவரே எத்தியோப்பியா போனார். தலைநகர் அடிஸ் அபாபாவில் ஜெனெத் என்ற அம்மா ஆஸ்பத்திரிகளுக்கு மருந்துப் பொருள் சப்ளை செய்கிறார், பெரிய கை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாவின் குமாஸ்தா தாவித் போனில் "நாளைக்குப் பத்து மணிக்கு வாருங்கள்" என்றான். கௌதம்ராஜ் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு காலை சரியாகப் பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தார். பன்னிரண்டரை வரைக்கும் ஒருத்தரும் வரவில்லை. கோபித்துக்கொண்டு ஓட்டலுக்குத் திரும்பிவிட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு ஜெனெத் அம்மா வந்து உட்கார்ந்து, இருட்டும் வரை இந்தியாக்காரரைக் காணோம் என்று பார்த்துவிட்டுப் போனது அவருக்குத் தெரியாது.

மறுநாள் எப்படியோ சந்தித்தார்கள். காப்பி கொடுத்தார்கள். ஒரு கப் குடித்துவிட்டு, இரண்டாவது கப்பைக் கையால் தடுத்து, பையிலிருந்து பேப்பரையும் சாம்பிள் துணிகளையும் எடுத்து விரித்தார். எங்கள் கம்பெனி வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஓடும், லீவே கிடையாது, எந்த நாளில் கேட்டாலும் சரக்கு வரும் என்றார். பிறகு எல்லோரையும் ஓட்டலுக்கு மட்டன் சாப்பிடக் கூப்பிட்டார். ஜெனெத் அம்மா எழுந்துவிட்டார். கௌதம்ராஜ் ஊருக்கு வந்து, அந்த ஜனங்களுக்கு வியாபாரம் பண்ணவே விருப்பமில்லை என்று எல்லோரிடமும் சொன்னார்.

போன வருஷம் மார்ச் நடுவில் கூரியரில் ஒரு கடிதம் வந்தது. ஜெனெத் அம்மாவின் கம்பெனி முத்திரை. இன்ன நம்பர் சாம்பிள் துணி வேண்டும், பேசுவதற்கு நேரம் உள்ள ஓர் ஆளை அனுப்பவும் என்று இரண்டே வரி. தேதி 25-06-2017. கௌதம்ராஜ் தேதியை மட்டும் பார்த்தார். ஜி.எஸ்.டி. வருவதற்கு முந்தைய மாசத்துக் கடிதம், எங்கேயோ பீரோவுக்கு அடியில் கிடந்ததைச் சுத்தம் செய்யும்போது எடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று தூக்கி ஓரமாகப் போட்டார்.

சாம்பிள் நம்பர் என்றதால் காகிதம் பரிபூரணத்தின் மேஜைக்கு வந்தது. அவள் நம்பரைப் பார்த்தாள். அந்த நம்பரை இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளேதான் போட்டிருந்தாள். 2017-இல் அப்படி ஒரு துணியே நெய்யவில்லை. முதலாளியிடம் போய், "இல்லாத துணிய எட்டு வருசத்துக்கு முன்னாடி எப்படிக் கேட்டிருப்பாக?" என்றாள். அடிஸ் அபாபாவுக்குப் போன் போட்டார்கள். தாவித் சிரித்தான். அவர்கள் நாட்டில் இப்போது 2017-ஆம் வருஷம்தான் நடக்கிறதாம். அவர்களுடைய காலண்டர் வேறு. வருஷத்துக்குப் பதின்மூன்று மாசம்.

கௌதம்ராஜ் போனை வைத்துவிட்டுப் பரிபூரணத்தின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

"நானா?"

"அவங்க எல்லாம் வேதக்காரங்க. கழுத்துல சிலுவை, ஆபீசுல மாதா படம். நான் போய் ஒட்டல. நீங்க போனா நம்ம ஆளுன்னு பேசுவாங்க."

"நாங்க சி.எஸ்.ஐ. மொதலாளி. அவிய என்ன சபையோ?"

"ஏசு ஒருத்தர்தானக்கா?"



பாஸ்போர்ட் இருந்தது. சபையில் எல்லோரும் சேர்ந்து எருசலேம் பயணம் போகலாம் என்று எடுத்தது. அங்கே சண்டை மூண்டு பயணம் நின்றுபோனது. ஒரு முத்திரைகூடக் குத்தாமல் பீரோவில் கிடந்தது. கணவர் பிரேம்குமார் பஸ் டெப்போவில் மெக்கானிக். "எருசலேம் போறேன்னு சொல்லிட்டு ஏட்டி, ஆப்பிரிக்காவுக்குல்லா போற" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு அவரே போய் மூன்று கிலோ பால்கோவா வாங்கி வந்து, கசியாமல் மூன்று சுற்று பிளாஸ்டிக் சுற்றிப் பெட்டியில் வைத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போகிறவள் வேறு எதைக் கொண்டுபோவாள்? சபைப் போதகர் ஞாயிறு ஆராதனையில் அவள் பேரைச் சொல்லி ஜெபித்தார். அப்போது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து காலம். பரிபூரணம் கறி சாப்பிடவில்லை, தலைக்குப் பூ வைக்கவில்லை. அங்கேயும் லெந்துதான் என்று தாவித் சொல்லியிருந்தான். நல்லதாய்ப் போயிற்று, ஒரே மாதிரி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மும்பை வழியாக வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தாள். தாவித் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும், ஒல்லியாக, நல்ல ஆங்கிலம் பேசினான். மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலமும், வருஷக்கணக்காக ஏற்றுமதிக் காகிதங்களைப் படித்த ஆங்கிலமும் அவளுக்குக் கைகொடுத்தன. நாளைக்குப் பத்து மணிக்கு அம்மா உங்களைப் பார்ப்பார் என்றான்.

முதலாளி வாங்கிய அடி அவளுக்கு ஞாபகம் இருந்தது. "யாரோட பத்து மணி?" என்று கேட்டாள்.

தாவித் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். அவர்கள் ஊரில் மணி சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணப்படும். விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் ஒரு மணி. காலை ஏழு என்று நாம் சொல்வது அவர்களுக்கு ஒன்று. பத்து மணி என்றால் சாயங்காலம் நாலு. பரிபூரணத்துக்கு இது ஒன்றும் பெரிய அதிசயமாகப் படவில்லை. பக்கத்து வீட்டில் பஞ்சாங்கம் பார்த்துக் கல்யாணத்துக்கு நேரம் குறிக்கிறவர் இருந்தார். உதயத்திலிருந்து இத்தனை நாழிகை என்றுதான் அவரும் எண்ணுவார். ஆனால் அதை அவர் யாருக்கும் அப்பாயிண்ட்மெண்ட் கொடுப்பதற்குப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போனாள். ஜெனெத் அம்மா அறுபதை நெருங்கியவர். உயரம், நிமிர்ந்த முதுகு, நெற்றியில் சின்னதாகப் பச்சை குத்திய சிலுவை. தலையைச் சுற்றி வெள்ளைத் துணி. பரிபூரணம் எழுந்து நின்று கைகூப்பி, பெட்டியைத் திறந்து, மூன்று சுற்றுப் பிளாஸ்டிக்கையும் பிரித்து, பால்கோவாவை இரண்டு கையாலும் நீட்டினாள். எங்கள் ஊர்ப் பண்டம், பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்தது என்று பெருமையாகச் சொன்னாள்.

தாவித் அதை மொழிபெயர்த்தான். சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது. ஜெனெத் அம்மா டப்பாவை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார். பிறகு மூடியைப் போட்டு, மேஜையின் அந்தப் பக்கத்துக்கு நகர்த்தி வைத்தார்.

நோன்பு காலம் முழுவதும் அவர்கள் பால் தொட மாட்டார்கள் என்று தாவித் மெல்லச் சொன்னான். பால், தயிர், நெய், முட்டை, இறைச்சி எதுவும் கிடையாது. ஐம்பத்தைந்து நாள். அதிலும் சனி, ஞாயிறு தவிர மற்ற நாளில் பிற்பகல் மூன்று மணி வரை பச்சைத் தண்ணீரும் கிடையாது. இதுபோக வருஷம் முழுக்க புதன், வெள்ளி.

பரிபூரணத்துக்குக் காது சூடாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஜெனெத் அம்மா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கௌதம்ராஜ் அனுப்பிய மெயில். 'உங்களைப் போலவே கிறிஸ்தவரான எங்கள் பிரதிநிதி வருகிறார்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஜெனெத் அம்மா அதன்மேல் விரலை வைத்து, இந்தக் கிறிஸ்தவர் நீங்கள்தானா என்று கேட்டார்.

ஆமாம் என்றாள்.

விசாரணை ஆரம்பமானது. கழுத்தில் சிலுவை எங்கே? தாலியில் சின்னதாக இருக்கிறது என்று எடுத்துக் காட்டினாள். எந்தப் புனிதரை வேண்டிக்கொள்வீர்கள்? எங்கள் சபையில் அந்தப் பழக்கம் இல்லை. புதன்கிழமை நோன்பு? இல்லை. வெள்ளிக்கிழமை? பெரிய வெள்ளிக்கிழமை மட்டும். தலையை மூடாமலா கோயிலுக்குப் போவீர்கள்? ஜெபிக்கும்போது முந்தானையை எடுத்துப் போட்டுக்கொள்வோம். ஒவ்வொரு பதிலையும் தாவித் மொழிபெயர்க்க, ஜெனெத் அம்மாவின் புருவம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது. இப்படி ஒரு கிறிஸ்தவத்தை அவர் அதுவரை கேள்விப்படவில்லை போலிருந்தது.

இதற்குமேல் சமாளிப்பதில் பிரயோசனம் இல்லை என்று பரிபூரணத்துக்குத் தோன்றியது. பையைத் தரையில் வைத்துவிட்டு, உள்ளதைச் சொன்னாள். எங்கள் முதலாளி பெருமாளைக் கும்பிடுகிறவர். துணியை வெளுக்கிறவர் முஸ்லிம். தறி ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறவர்கள். நானும் இன்னும் நாலு பேரும்தான் கிறிஸ்தவர்கள். ஒரு கிறிஸ்தவரும் இன்னொரு கிறிஸ்தவரும் ஒன்றாகத்தான் இருப்பார்கள் என்று முதலாளி நினைத்து என்னை அனுப்பிவிட்டார். உங்கள் நோன்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. துணியைப் பற்றி மட்டும்தான் தெரியும்.

தாவித் சொல்லி முடித்ததும் ஜெனெத் அம்மா சிரித்தார். நெஞ்சில் கைவைத்து, நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு உள்ளே பார்த்து ஏதோ சொன்னார். காப்பி என்று பரிபூரணத்துக்குப் புரிந்தது.

காப்பி என்றால் டவராவில் வந்துவிடும் என்று நினைத்திருந்தாள். ஒரு பெண் வந்து தரையில் பச்சைப் புல்லைப் பரப்பினாள். கரி அடுப்பைக் கொண்டுவந்து வைத்தாள். பச்சைக் காப்பிக் கொட்டையைக் கழுவி, வாணலியில் வறுத்து, புகை பறக்கும் வாணலியை ஒவ்வொருவர் முகத்தருகேயும் கொண்டுவந்து காட்டினாள். சாம்பிராணி போட்டாள். வறுத்ததை இடித்து, கழுத்து நீண்ட கறுப்பு மண்ஜாடியில் கொதிக்கவிட்டாள். முதல் கப் வருவதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. பால் இல்லாமல், காட்டமாக இருந்தது. பரிபூரணம் குடித்தாள். இரண்டாவது கப் வந்தது. குடித்தாள். உங்கள் முதலாளி இந்த இரண்டாவது கப்பைத்தான் கையால் தடுத்தார் என்றான் தாவித். மூன்றாவது கப்புக்கு ஆசீர்வாதம் என்று பேராம். அதைக் குடிக்காமல் போகிறவர், கொடுக்கிற ஆசீர்வாதத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர். பரிபூரணம் மூன்றையும் குடித்தாள். காப்பி உள்ளே இறங்கியதில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

இனிப் பேசலாம் என்று அவள் பைலைத் திறந்தாள். ஜெனெத் அம்மா அதை மூடினார். நாளைக்கு அவர்கள் மாசத்தில் இருபத்தேழாம் தேதி, உலக இரட்சகர் நாள். கடை கிடையாது. ஞாயிறும் கிடையாது. திங்கட்கிழமை பேசலாம். நாளைக் காலை என்னோடு கோயிலுக்கு வாருங்கள் என்றார்.

முதலாளி போனில் கேட்டார். "கையெழுத்து ஆச்சாக்கா?"

"இல்ல. நாளைக்கு அவியளோட சர்ச்சுக்குப் போறேன்."

"அதுக்குத்தான் ஒங்கள அனுப்புனேன்" என்று அவர் திருப்தியாக வைத்துவிட்டார்.

பரிபூரணம் வேதப் புத்தகமும் பாமாலைப் பாட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். பெஞ்சு இருக்கும், பாட்டு நம்பர் சொல்வார்கள், போதகர் பேசுவார் என்று நினைப்பு. அங்கே பெஞ்சு இல்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். ஆணுக்கு ஒரு பக்கம், பெண்ணுக்கு ஒரு பக்கம். எல்லோரும் தலை முதல் இடுப்பு வரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். வருகிறவர்கள் வாசல் நிலையைத் தொட்டு முத்தமிட்டார்கள். சிலர் தரையில் நெற்றிபட விழுந்து எழுந்தார்கள். உள்ளே நெருக்கடி. சாம்பிராணிப் புகை. கர்ப்பக்கிரகம் மாதிரி ஓர் இடம் திரை போட்டு மறைத்திருந்தது. குருமார்கள் தவிர யாரும் அதற்குள் போகக்கூடாதாம்.

அவளுடைய சபையில் இப்படி எதுவும் கிடையாது. ஆனாலும் அவளுக்கு எதுவும் அந்நியமாக இல்லை. மடவார் வளாகத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா கண்டிப்பானவர், கோயில் பிரசாதத்தைக் கையால் வாங்கவும் விட மாட்டார். ஆனால் வீட்டைச் சுற்றிக் கோயில் இருக்கும்போது கண்ணையும் காதையும் என்ன செய்ய முடியும்? தேரோட்டத்துக் கூட்டத்தில் எந்தப் பக்கம் ஒதுங்கவேண்டும், எங்கே நின்றால் நசுங்காமல் இருக்கலாம், எப்போது பேச்சை நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியும். ஜரிகைக் குஞ்சம் தொங்கும் பெரிய குடையின் கீழே ஒரு குரு சிலுவையோடு வந்தபோது, யாரும் சொல்லாமலே பரிபூரணம் இரண்டடி பின்வாங்கி வழிவிட்டுத் தலைகுனிந்தாள். ஜெனெத் அம்மா அதைப் பார்த்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று பிறகு கேட்டார். எங்கள் ஊரில் குடை வந்தால் ஒதுங்கவேண்டும் என்றாள் பரிபூரணம். உங்கள் சபையிலா என்றார். இல்லை, பக்கத்துக் கோயிலில் என்றாள்.

மூன்று மணி நேரம் நின்றார்கள். வயதானவர்கள் நீண்ட கம்பில் தாடையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். பேக்கிங் மேஜைமுன் இருபது வருஷத்துக்கு மேல் நின்ற கால் பரிபூரணத்துடையது, அது ஒன்றும் செய்யவில்லை. விரல்தான் சும்மா இருக்கவில்லை. காலையில் ஜெனெத் அம்மா அவளுக்கும் ஒரு வெள்ளைத் துணி போர்த்திவிட்டிருந்தார். நெதலா என்று பேர். மெல்லிசாக, காற்றுப் புகும்படி, ஏறக்குறைய பேண்டேஜ் துணி மாதிரியே இருந்தது. ஜெபத்துக்கு நடுவே அவள் விரல் எண்ணிக்கொண்டிருந்தது. தப்பு என்று தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தபோது அவள் சொன்னாள். "நீங்க போர்த்தியிருக்கிறது பாவும் ஊடையும் கையில நூத்தது. எனக்குக் குடுத்தது மில் நூலு. கரை மட்டும்தான் கைநூல்."

தாவித் மொழிபெயர்த்தான். ஜெனெத் அம்மா முகம் மாறியது. இரண்டும் ஒரே கடையில், இரண்டும் கைநூல் என்று சொல்லி வாங்கியவை. தம் தோளில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். பரிபூரணம் கண்ணாடியை எடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு துணியையும் மாற்றி மாற்றி வாங்கி, நாலு தரமும் சரியாகச் சொன்னாள். கடைசியாக ஜெனெத் அம்மாவே தம் விரலில் உருட்டிப் பார்த்தார். கைநூலில் ஓர் இடம் தடிப்பாக, ஓர் இடம் மெலிவாக வரும், மில் நூல் ஒரே சீராகப் போகும் என்று பரிபூரணம் அவர் விரலைப் பிடித்துக் காட்டினாள். துணி விற்றவரைப் பற்றி ஜெனெத் அம்மா கோயில் வாசலில் சொல்லத்தகாத ஒரு வார்த்தை சொன்னார் என்று தாவித் பிற்பாடு ஒப்புக்கொண்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடி மூன்று கப் காப்பி. பால்கோவாவை அதற்குள் பக்கத்துக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அவர் முஸ்லிம், அவருடைய நோன்பு போன வாரமே முடிந்திருந்தது. வாசலில் வந்து நின்று, அது என்ன பண்டம், என் பெண்டாட்டி கேட்கிறாள், இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தார். ஜெனெத் அம்மா அவரைத் துரத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு கேட்டார்.

"உங்கள் முதலாளி வருஷம் முழுக்க ஒரு நாள் விடாமல் வேலை நடக்கும் என்றார். உங்கள் ஊரில் சாமியே இல்லையா?"

பரிபூரணத்துக்கு அப்போதுதான் விளங்கியது. கடிகாரம், காப்பி, நோன்பு நாளில் கூப்பிட்ட மட்டன் எல்லாவற்றையும்கூட அந்த அம்மா மன்னித்திருப்பார். திருநாளே இல்லாத ஊர் என்று சொன்னதைத்தான் நம்பவில்லை. அப்படிச் சொல்கிறவர் இழைக் கணக்கையும் அப்படித்தானே சொல்வார்?

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்று ஆரம்பித்தாள். பொங்கலுக்கு நாலு நாள் தறி ஓடாது. பங்குனியில் பெரிய மாரியம்மன் பூக்குழி, காப்புக் கட்டினவர்கள் பாதிப் பேர் வர மாட்டார்கள். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர், அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆள் ஒருத்தரையும் எதிர்பார்க்க முடியாது. புரட்டாசிச் சனிக்கிழமை முதலாளியே காலையில் திருவண்ணாமலை மலையேறப் போய்விடுவார். அது பெரிய திருவண்ணாமலை இல்லை, எங்கள் ஊர்ப் பெருமாள் மலை என்று தாவித்துக்கு விளக்கவேண்டியிருந்தது. ரம்ஜானுக்கு வெளுப்புப் பட்டறை கிடையாது. கிறிஸ்துமஸுக்கு நான் இல்லை, நான் இல்லாவிட்டால் பெட்டிக்கு டேப் கிடையாது. வன்னியம்பட்டியிலிருந்து வேலைக்கு வருகிற பெண்கள் கதிர் அறுப்பு வந்துவிட்டால் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜெனெத் அம்மா தம் பங்குக்கு ஆரம்பித்தார். பெரிய நோன்பு, ஆகஸ்டில் மாதா நோன்பு, செப்டம்பரில் புதுவருஷம், அது கழிந்து சிலுவைத் திருநாள், ஜனவரியில் கிறிஸ்துமஸ், பிறகு ஞானஸ்நானத் திருநாள். இதற்குமேல் மாசாமாசம் மிக்கேல் நாள், மாதா நாள், இரட்சகர் நாள். நடுவில் மூன்று மாசம் மழை, பாதையில் லாரி போகாது. தாவித் ஒரு பெரிய தாளில் இரண்டு பேருடைய நாட்களையும் இரண்டு நிறத்தில் எழுதினான். தாள் நிறைந்துவிட்டது. மிச்சம் இருக்கிற வெள்ளை இடத்தில்தான் வியாபாரம் நடக்கவேண்டும் என்றான். மூன்று பேரும் குனிந்து வெள்ளை இடங்களைத் தேடினார்கள். வருஷத்துக்கு நாலு தடவை சரக்கு அனுப்ப இடம் கிடைத்தது.

ஒப்பந்தம் அந்தத் தாளை வைத்துத்தான் எழுதப்பட்டது. பெட்டிமேல் இரண்டு காலண்டர் தேதியும் அச்சடிக்கவேண்டும் என்று பரிபூரணமே ஒரு வரி சேர்த்தாள்.

ஊருக்கு வந்து காகிதத்தைக் கொடுத்தபோது கௌதம்ராஜுக்கு முதலில் சந்தோஷம். நாலாம் பக்கத்தைப் படித்ததும் நிமிர்ந்தார்.

"நான் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீங்க பூக்குழி முதக்கொண்டு எழுதிக் குடுத்திருக்கீங்களே."

"நீங்க சொன்னத அவிய நம்பல மொதலாளி. இத நம்பி கையெழுத்துப் போட்டாக."

அவர் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டு உள்ளே போனார். ஜூலையில் வேறொரு கம்பெனிக்கு அவசரச் சரக்கு விழுந்தது. ஆடிப்பூரத்தன்று அரை நாளாவது வாருங்கள் என்று பேக்கிங் பகுதிக்கு வந்து கேட்டார். டேப் ஒட்டுகிற பாண்டீஸ்வரி, எத்தியோப்பியாவுக்கே எழுதிக் கொடுத்த லீவு, இனிமேல் மாற்றினால் வெளிநாட்டில் பேர் கெட்டுப்போகும் என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னாள். கௌதம்ராஜ் பரிபூரணத்தைப் பார்த்தார். பரிபூரணம் துணியைப் பார்த்தாள். அன்றைக்கு எல்லோரும் தேருக்குப் போனார்கள்.

இந்த வருஷம் ஜனவரி கடைசியில் ஜெனெத் அம்மா தாவித்தோடு ராஜபாளையம் வந்தார். கௌதம்ராஜ் இந்தத் தடவை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, புதனும் இல்லாமல் வெள்ளியும் இல்லாமல் வியாழக்கிழமை தம் வீட்டில் கறி விருந்து வைத்தார். மூன்று தம்ளர் காப்பியும் கொடுத்தார். ஜெனெத் அம்மா தறிகளைச் சுற்றிப் பார்த்தார், இரண்டு துணியை விரலில் உருட்டிப் பார்த்தார். தங்கியது மடவார் வளாகத்தில், பரிபூரணம் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை உங்கள் சபைக்கு என்னைக் கூட்டிப்போகவேண்டும் என்று அவரே கேட்டார்.

சபை வாசலில் செருப்பைக் கழற்றினார். நிலையைத் தொட்டு முத்தமிட்டார். உள்ளே போய், நடைபாதையின் நடுவில் மூன்று தரம் நெற்றி தரையில் பட விழுந்து எழுந்தார். பாடற்குழு பாட்டை ஒரு வரி தவறவிட்டது. பரிபூரணம் அவரைப் பெண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சுக்கு அழைத்துப்போனாள். அவர் பெஞ்சைப் பார்த்தார், அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கடவுள் வீட்டில் உட்காருவது அவருக்குப் பழக்கமில்லை.

பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவர் உட்காரவில்லை. வெள்ளைத் துணி போர்த்தி, ஆறடி உயரத்தில், போதகரையே பார்த்துக்கொண்டு நின்றார். விருந்தாளி நிற்கும்போது தான் உட்காரக்கூடாது என்று பரிபூரணம் எழுந்தாள். எதிர்ப்பக்கத்தில் பிரேம்குமார் அதைப் பார்த்துவிட்டு, ஏன் என்று தெரியாமல் எழுந்தார். பின்வரிசையில் இருந்தவர்கள், ஏதோ விசேஷ ஜெபம் போலிருக்கிறது என்று எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சபையில் பாதிக்குமேல் நின்றுகொண்டிருந்தது. மூட்டு வலிக்காரர்கள் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் குற்றவாளிகள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள்.

போதகர் வழக்கமாக நாற்பது நிமிஷம் பிரசங்கம் பண்ணுவார். அன்றைக்கு மூன்று குறிப்புகள் எழுதி வந்திருந்தார். நிற்கிற ஜனங்களைப் பார்த்தார், முதல் குறிப்பைச் சொன்னார், மறுபடி பார்த்தார், மற்ற இரண்டையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு ஜெபத்துக்குப் போய்விட்டார். பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

வெளியே வந்ததும் ஆட்கள் பரிபூரணத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பலர் ஜெனெத் அம்மாவுக்குக் கைகொடுத்தார்கள். முதுகு வலிக்காரர் ஒருவர், அவியள அடுத்த வாரமும் கூட்டிட்டு வாங்க என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனார். ஜெனெத் அம்மா, உங்கள் குரு நல்லவர், சுருக்கமாகப் பேசுகிறார் என்றார். தாவித் அதை மொழிபெயர்த்தபோது போதகரே பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார். புன்னகையோடு கேட்டுக்கொண்டார். பிறகு பரிபூரணத்தைச் செத்த நேரம் ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"அவிய எப்ப ஊருக்குப் போறாக?"

"செவ்வாய்க்கிழமை."

"சமாதானமாப் போய்ச் சேரட்டும்" என்றார் போதகர்.